மாமாவின் அளவு நோட்டு: வீட்டு நோயாளியை வீடியோவில் டாக்டரிடம் காட்டுவது எப்படி

நான் டெய்லர். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், வீட்டு முன்கூடத்தில் மிஷின் போட்டு 19 வருஷமாகத் தைக்கிறேன். கை பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று ஒரு ஜாக்கெட் திரும்பி வந்தால், பத்துக்கு எட்டு தடவை தப்பு தையலில் இருக்காது. அளவெடுத்த அன்றைக்கே நடந்திருக்கும். மாமாவை வீடியோவில் டாக்டரிடம் காட்ட ஆரம்பித்த பிறகு அதே பாடத்தை இன்னொரு தடவை படித்தேன்.

மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. வயது 74. இதயம் ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்துவிட்டது என்று இரண்டு வருஷம் முன்பு தஞ்சாவூரில் எக்கோ எடுத்துச் சொன்னார்கள். சர்க்கரை அதற்கு முன்பே இருந்தது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். தஞ்சாவூர் போய்க் காத்திருந்து பார்த்துவிட்டு வர ஒரு முழுநாள் போய்விடும், மாமாவுக்கு அடுத்த இரண்டு நாள் படுக்கை. அதனால் டாக்டரே சொன்னார்: “மூணு மாசத்துக்கு ஒருக்கா நேர்ல வாங்க. நடுவுல மாசம் ஒருக்கா வீடியோவுல பாத்துக்கலாம்.”

ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள், “எங்க அப்பாவுக்கும் இப்படிப் பாக்கணும், எப்படிக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு ஜூன் மாதம். மேட்டூர் திறந்தாச்சு, நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி எப்ப வரும் என்று மாமா வாசலில் நாலு பேரோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் டீ குடித்திருந்தார். நான் பிரஷர் மிஷினை அங்கேயே எடுத்துக்கொண்டு போய், அரைக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, கையைத் தொங்கவிட்டபடி பட்டனை அமுக்கினேன். 172. மறுபடி அமுக்கினேன், 176. எங்கள் டாக்டருக்கு அன்றைக்குப் போன் கிடைக்கவில்லை. பயத்தில் பக்கத்து ஊர் டாக்டர் ஒருவரிடம் மாமாவை அழைத்துக்கொண்டு ஓடினேன். பழைய சீட்டை எடுத்துப் போகவில்லை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டதற்கு, “ஒரு மஞ்சள் மாத்திரை, ரெண்டு வெள்ளை மாத்திரை” என்றேன். அவர் ஒரு மாத்திரை சேர்த்து எழுதினார்.

மூன்றாவது வாரம் மாமாவின் இரண்டு காலும் வீங்கின. இதயம்தான் மோசமாகிவிட்டது என்று நான் அழுதேவிட்டேன். மாதாந்திர வீடியோவில் தஞ்சாவூர் டாக்டர், “அழுவாதீங்கம்மா. சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கேமராகிட்ட காட்டுங்க” என்றார். இரண்டு அட்டையில் பெரிய எழுத்துப் பெயர் வேறு வேறு. அடியில் பொடி எழுத்தில் இரண்டிலும் அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து. ஒரே மருந்தை இரண்டு பங்காகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மருந்தே காலை வீங்க வைக்கக்கூடியது. அடுத்து, “பிரஷர் எப்படிப் பாத்தீங்க? இப்ப எனக்கு முன்னாடி பாருங்க” என்றார். அவர் சொன்னபடி உட்காரவைத்துப் பார்த்தால் 134/78.

சால்வை போர்த்திய உடம்பில் நான் ஒருநாளும் ஜாக்கெட் அளவு எடுத்ததில்லை. பிரஷரை மட்டும் சட்டைக்கு மேலே எடுத்திருக்கிறேன்.

அளவெடுப்பது

வீடியோவில் டாக்டருக்கு நம் ஆளின் முகம் தெரியும், குரல் கேட்கும். நாடி பிடிக்க முடியாது, வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது, நெஞ்சில் குழாய் வைக்க முடியாது. அந்த வேலையில் பாதியை வீட்டில் இருக்கிற ஒருத்தர் செய்தாக வேண்டும். மருமகளோ மகனோ பேத்தியோ, யாராவது ஒருத்தர். இன்று ஒருத்தர் நாளை ஒருத்தர் என்று மாறினால் அளவும் மாறும்.

பிரஷர் மிஷின் மேல்கையில் கட்டுவதாக இருக்கட்டும். மணிக்கட்டில் கட்டுவது வசதிதான், ஆனால் கை இருக்கும் உயரத்தைப் பொறுத்து எண் ஆடும். பட்டையின் அளவுதான் யாரும் கவனிக்காத விஷயம். மிஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு. இஞ்ச் டேப் எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றிப் பாருங்கள். மாமாவுக்கு 25, சரியாக இருந்தது. அத்தைக்கு 35. அந்தப் பட்டையில் அத்தைக்குப் பார்த்தால் பிரஷர் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது. நான் அத்தைக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

பார்க்கும் முறை இது. முந்தைய அரைமணி நேரத்தில் காபி, டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும் (நீர் மாத்திரை, அதாவது உடம்பில் கோத்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை, சாப்பிடுகிறவர்களுக்கு இது முக்கியம்). முதுகு சாய்கிற நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிஷம் சும்மா உட்காரட்டும். கையை மேஜையில், நெஞ்சு உயரத்துக்கு வைக்க வேண்டும். எங்கள் வீட்டு மேஜை தாழ்வு, அதனால் துணி மூட்டை ஒன்றை அடியில் வைக்கிறேன். பட்டை தோலில் நேரே படவேண்டும். மிஷின் ஓடும்போது யாரும் பேசக்கூடாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுத வேண்டும். நல்லதாகத் தெரிகிற ஒன்றை மட்டும் எழுதுவது கள்ளக்கணக்கு.

டாக்டரிடம் பேசுவதற்கு முன்னால் ஏழு நாள், காலையும் மாலையும் இப்படிப் பார்த்து எழுதினால் போதும். ஒரு நாளைய எண்ணை வைத்து யாரும் மருந்தை மாற்றக்கூடாது என்பது எனக்குச் சுட்டுத் தெரிந்தது. பிரஷர் கூடுதல் என்பதற்கு ஆஸ்பத்திரியில் 140/90 என்று சொல்லும் எல்லை வீட்டில் பார்க்கும்போது 135/85 என்றும் டாக்டர் சொன்னார்.

எடை பார்க்கும் மிஷின், இதய நோயாளி வீட்டில் பிரஷர் மிஷினைவிடப் பெரிய காவல்காரன். உடம்பில் நீர் கோத்தால் மூச்சு வாங்குவதற்கு முன்பே எடை ஏறிவிடும். தினமும் காலை, சிறுநீர் போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி உடுப்பில். மாமா வெறும் வேட்டியோடு ஏறுவார், தோளில் துண்டு கிடக்கக் கூடாது. மிஷின் சிமெண்டுத் தரையில் இருக்கட்டும். பாயின் மேல் வைத்தால் எண் பொய் சொல்லும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் மாத வீடியோவுக்குக் காத்திராமல் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். போன தை மாதம் ஒரு கல்யாணம். நான் தடுத்தும் அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு என்று உப்பு மிகுந்ததாகவே மாமா ஒரு பிடி பிடித்துவிட்டார். 61.4 இருந்தவர் மூன்றாம் நாள் 63.6. உடனே நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அன்றைக்கே டாக்டர் பேசி, நீர் மாத்திரையை மூன்று நாளைக்கு மட்டும் கூட்டினார். ஐந்தாம் நாள் 61.6. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்திருந்தால் அறுவடையோடு சேர்த்து என்ன பாடுபட்டிருப்போம்.

சுகர் மிஷினுக்கு ஒரே ஒரு புத்தி. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் சாப்பிட்ட கையோடு ஒருநாள் பார்த்து 312. கழுவிவிட்டுப் பார்த்தால் 186. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், காற்றில் உள்ள ஈரமே அதைக் கெடுத்துவிடும்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் கொரோனா காலத்தில் வாங்கிப் பரணில் போட்டவர்கள் எடுத்துத் துடைக்கலாம். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு, கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். எண் ஒரு நிமிஷம் ஆடாமல் நிற்கிறதா பாருங்கள். முதலில் வரும் எண்ணை எழுத வேண்டாம். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. 95 காட்டினாலும் ஆள் திணறினால் ஆளை நம்புங்கள்.

நோட்டு

செயலி ஒன்றில் பதியலாம் என்று நாத்தனார் மகன் இறக்கிக் கொடுத்தான். இரண்டு நாள் பதிந்தேன், பிறகு விட்டுவிட்டேன். என்னிடம் துணிக்கடைக்காரர் கொடுத்த நீளமான அளவு நோட்டு இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு நாள்: தேதி, எடை, காலை பிரஷர் இரண்டு, நாடித்துடிப்பு, மாலை பிரஷர் இரண்டு, சுகர், கால் வீக்கம். கடைசிக் கட்டம் பெரிதாக. அதில் வாயால் சொல்வதை எழுதுவேன். “ராத்திரி ரெண்டு தலகாணி கேட்டார்.” “கொல்லை வரை நடந்து நின்னு மூச்சு விட்டார்.” “மத்தியான மாத்திரை மறந்தாச்சு.” டாக்டர் எண்களைவிட இந்தக் கட்டத்தைத்தான் அதிகம் கேட்கிறார். போன மாதம் ஒரு தலையணை, இந்த மாதம் இரண்டு என்றால், படுத்தால் மூச்சு வாங்குவது கூடியிருக்கலாம் என்று அவருக்கு அதில் ஒரு கதை இருக்கிறது.

பேசுவதற்கு முந்தின நாள் இரவு நோட்டுப் பக்கம், புதிதாக எடுத்த ரத்த ரிப்போர்ட், இரண்டையும் படம் எடுத்து அனுப்பிவிடுவேன். வெயில் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேர் மேலிருந்து. வீடியோ ஓடும்போது ரிப்போர்ட்டைக் கேமரா முன்னால் ஆட்டிக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

மாத்திரைகளை ஒரு தாம்பாளத்தில் வையுங்கள். இப்போது சாப்பிடுவது ஒரு பக்கம், நிறுத்தியது மறுபக்கம். நாட்டு மருந்து, சூரணம், மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, எல்லாமே தாம்பாளத்துக்கு வரவேண்டும். வலி மாத்திரைகளில் பல, இதய நோயாளிக்கு உடம்பில் நீர் கோக்க வைப்பவை. மாமா அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். மருந்துக்கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டு யாரிடமோ போய்விடும். கேட்டு, பெயர் உள்ள துண்டாக வாங்குங்கள். பெரிய எழுத்து கம்பெனி வைத்த பெயர், பொடி எழுத்துத்தான் மருந்து. நோட்டில் பொடி எழுத்தை எழுதுங்கள்.

பேசும் நாள்

இடத்தை முந்தின நாளே பார்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் கூடத்தில் சிக்னல் ஒரு கோடு, மாட்டுக் கொட்டகைப் பக்கம் மூன்று கோடு. அதனால் நாற்காலியைக் கொல்லை நடையில் போடுகிறோம். வெளிச்சம் முகத்தில் விழவேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் டாக்டருக்குக் கறுப்பு உருவம்தான் தெரியும். முகம் வெளிறியிருக்கிறதா, உதடு நீலமாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பது அதில்தான். போனைக் கையில் பிடிக்க வேண்டாம். நான் நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைத்து, நழுவாமல் ஒரு கத்தரிக்கோலை முட்டுக்கொடுக்கிறேன். கேமராவைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிடுங்கள். மாவு பட்ட விரல் அதில் எத்தனை தடவை பட்டிருக்குமோ.

மாமாவுக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டால் எதிரொலிக்கும். ஒயர் உள்ள சாதாரண இயர்போனில் ஒரு பக்கம் அவர் காதில், ஒரு பக்கம் என் காதில். டாக்டர் சொன்னது அவருக்குப் புரியாவிட்டால் நான் திருப்பிச் சொல்வேன். ஆனால் கேள்வி அவரிடம் கேட்டால் பதில் அவர்தான் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் எத்தனை தடவை மூச்சு வாங்குகிறார் என்பதும் டாக்டருக்கு ஒரு அளவு. நான் குறுக்கே விழுந்து பதில் சொன்னால் அந்த அளவு போய்விடும்.

வீட்டுக்காரரும் சிங்கப்பூரிலிருந்து சேருவார். அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால், அதனால் இங்கே பத்தரை என்றால் அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். ஆரம்பத்தில் இணையத்தில் படித்ததையெல்லாம் வரிசையாகக் கேட்டு, இருக்கும் பத்து நிமிஷத்தில் ஏழை அவரே எடுத்துக்கொண்டார். இப்போது சட்டம் போட்டிருக்கிறேன். மைக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும், கடைசி இரண்டு நிமிஷம் அவருடையது. கேள்வி மூன்றுக்கு மேல் இருந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் முந்தின நாளே வரவேண்டும்.

யாரும் எழுதாத ஒன்று இருக்கிறது. மருமகள் பக்கத்தில் நிற்கும்போது மாமனார் சில விஷயங்களைச் சொல்ல மாட்டார். சிறுநீர் சொட்டுகிறது, மலம் போய் நாலு நாள் ஆகிறது என்பதெல்லாம் உசிர் போனாலும் வாயில் வராது. அதனால் நடுவில் மூன்று நிமிஷம் பங்காளி வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் போன் பக்கத்தில் நிறுத்திவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். முதல் தடவை அப்படிச் செய்தபோதுதான் அவர் நீர் மாத்திரையை ஏன் அடிக்கடி ‘மறந்தார்’ என்பது தெரிந்தது. பஸ்ஸில் போகிற நாளில் சாப்பிட்டால் வழியில் இறங்க முடியாதே. டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார், பிரச்சினை முடிந்தது. உங்கள் வீட்டில் அம்மாவோ மாமியாரோ என்றால் மகன் விலகி நிற்கவேண்டும். உடம்பைத் திறந்து காட்டும்போது அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் காட்டுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிற காட்சி இல்லை அது.

கால் வீக்கத்தைக் காட்ட, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து நொடி அமுக்கி எடுத்து, குழியைக் கேமராவில் காட்டவேண்டும். குழி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று அவர் பார்ப்பார். மூச்சைக் காட்ட, சட்டையைக் கழற்றி, நெஞ்சும் வயிறும் தெரிய, ஒரு நிமிஷம் பேசாமல் உட்காரவைக்கவேண்டும். சிக்னல் ஆடும் ஊரில் இதை முன்பே வீடியோவாக எடுத்து அனுப்புவது மேல். புண் என்றால் இரண்டு படம்: எந்த இடம் என்று தெரிய தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. கிட்டத்துப் படத்தில் பக்கத்தில் என் இஞ்ச் டேப்பை வைப்பேன், ஒரு ரூபாய் நாணயமும் போதும். அளவு இல்லாத புண் படத்தில் பெரிதானதா சிறிதானதா என்று சொல்ல முடியாது. ஃபிளாஷ் வேண்டாம், சிவப்பு வெளுத்துப்போகும்.

பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதீர்கள். “நான் எழுதினதை வாசிக்கிறேன் சார், சரியா பாருங்க” என்று வாசித்துக் காட்டுங்கள். எந்த மாத்திரை மாறியது, எந்த அறிகுறி வந்தால் அவரைக் கூப்பிடுவது, அடுத்து எப்போது. ஒருமுறை அவர் “பாதி” என்றது லைன் விட்டுவிட்டு வந்ததில் எனக்குப் “பத்து” என்று கேட்டது. வாசித்துக் காட்டியதால் பிழைத்தோம்.

வீடியோ அறுந்துகொண்டே இருந்தால் சண்டை போடாமல் வெறும் போனுக்கு மாறிவிடுங்கள். படங்கள் முன்பே போயிருந்தால் குரலே போதும்.

தனியார் டாக்டர் இல்லாதவர்கள்

எல்லோருக்கும் தெரிந்த டாக்டர் இருக்க மாட்டார். வீடியோவில் டாக்டரிடம் பேச அரசாங்கம் நடத்தும் ஈ-சஞ்சீவனி சேவை இலவசம். 2019 நவம்பரில் சுகாதார நிலையங்களுக்காக ஆரம்பித்து, 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது வீட்டிலிருந்தே பேசும்படி விரித்தார்கள். போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், நோயாளியின் விவரத்தைப் பதிந்து, பழைய ரிப்போர்ட் இருந்தால் ஏற்றி, டோக்கன் எடுத்து, முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். முடிந்ததும் மருந்துச் சீட்டு போனிலேயே வந்துவிடும். சளி, தோல் அரிப்பு, ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வது, மாத்திரை பற்றிய சந்தேகம் என்று இதில் நிறையவே தீரும். ஒவ்வொரு தடவையும் அதே டாக்டர் வரமாட்டார் என்பதால் நோட்டு இங்கே இன்னும் முக்கியம். முதல் அரை நிமிஷத்தில் சொல்ல ஒரு வரி தயாராக இருக்கட்டும்: “வயசு 74, இதயம் பலவீனம், சுகர், இன்னின்ன மாத்திரை, இன்னைக்குக் கேக்க வந்தது இது.”

வயதானவர்களுக்கு நான் சொல்வது, முடிந்தால் துணை சுகாதார நிலையத்துக்குப் போய் அங்கே இருக்கும் சிஸ்டர் மூலமாகப் பேசுங்கள். ஈ-சஞ்சீவனியில் அந்த வழியும் உண்டு. நம்மைவிடப் பழகின கை பிரஷர் பார்க்கும். அரவிந்த் கண் மருத்துவமனையின் விஷன் சென்டர்களில் இப்படித்தான். அங்கே பயிற்சி பெற்ற பெண் கருவியில் கண்ணைப் பார்ப்பார், டாக்டர் தூரத்திலிருந்து வீடியோவில் பேசுவார். எங்கள் அத்தை அப்படிப் பார்த்துவிட்டு வந்து, “டாக்டர் டிவியில இருந்தாரு, ஆனா கண்ணுக்குள்ள பாத்துட்டாருடி” என்றாள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு விதிமுறை வெளியிட்டது. அதன்படி டாக்டர் தன் பதிவு எண்ணைச் சீட்டில் போடவேண்டும். பதிவு எண் இல்லாத சீட்டை நான் நம்புவதில்லை. நோயாளியால் பேச முடியாவிட்டால் பார்த்துக்கொள்கிறவர் பேசலாம். மார்ஃபின் போன்ற போதை மருந்துப் பட்டியலில் உள்ளவற்றை வீடியோவில் எழுதக்கூடாது. தூக்க மாத்திரைகளில் சிலவும் அதில் வரும், கேட்டு வற்புறுத்தாதீர்கள். “இது வீடியோவில் முடியாது, நேரில் வாங்க” என்று சொல்ல டாக்டருக்கு எப்போதும் உரிமை உண்டு. அப்படிச் சொல்கிறவர்தான் நல்ல டாக்டர் என்பது என் அபிப்பிராயம்.

ஆஸ்பத்திரி போன் எண்ணைத் தேடுபொறியில் எடுக்காதீர்கள், சீட்டில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். டோக்கன் போட்டுத்தருகிறேன், முதலில் ஐந்து ரூபாய் அனுப்பு, இந்தச் செயலியை இறக்கு, ஓடிபி சொல்லு என்று கூப்பிடுகிறவன் டாக்டர் வீட்டு ஆள் இல்லை.

மனசு சரியில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண். இது நோயாளிக்கு மட்டும் இல்லை, பார்த்துக்கொள்கிறவர்களுக்கும்தான். ராத்திரி இரண்டு மணிக்கு நான் கூப்பிட்டிருக்கிறேன்.

போனைக் கீழே வைக்க வேண்டிய நேரம்

சில நேரத்தில் வீடியோ கால் போடுவதே ஆபத்து. நெஞ்சை அழுத்தும் வலி, அதோடு வேர்வை. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது. உட்கார்ந்தும் மூச்சு கிடைக்காமல் திணறுவது. ஆக்ஸிஜன் 90-க்குக் கீழே போவது. (நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு எல்லை வேறு, அவர்கள் டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.) மயக்கம், வலிப்பு, நிற்காத ரத்தம். இதில் ஒன்று வந்தாலும் 108. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசி, ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். டாக்டர் ஆன்லைனுக்கு வருவாரா என்று காத்திருக்கும் அரைமணி அந்தக் கணக்கில் கழியும். கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம் என்ன என்று கேட்பார்கள், கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சுகர் 70-க்குக் கீழே போய், ஆள் நினைவோடு இருந்தால், முதலில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, கால் மணி கழித்து மறுபடி பார்த்துவிட்டு, அப்புறம் போன். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-தான்.

இந்த எண்களையெல்லாம் உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டு, உங்கள் ஆளுக்கு எது எல்லை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாமாவுக்கு எழுதியது அத்தைக்குப் பொருந்தாது, ஒருத்தர் அளவு ஜாக்கெட் இன்னொருத்தருக்கு வராத மாதிரி.

நேரில் போகும்போது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் போகும்போது பிரஷர் மிஷினையும் பையில் போட்டுக்கொள்கிறேன். அவர்கள் மிஷினில் ஒருமுறை, நம்முடையதில் ஒருமுறை, அதே கையில் பார்க்கச் சொல்வேன். இரண்டும் நெருக்கமாக இருந்தால் அடுத்த மூன்று மாதம் நம் எண்ணை நம்பலாம். போன தடவை பத்துக்கு மேல் வித்தியாசம். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. பட்டையில் எலி கடித்த ஓட்டை, காற்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. புதுப் பட்டை வாங்கியாயிற்று, இப்போது மிஷின் இரும்பு டிரங்குப் பெட்டிக்குள் பட்டுப்புடவைகளோடு தூங்குகிறது.

அடுத்த நேர்ப் பார்வை வருகிற புதன்கிழமை. வீடியோ வந்த பிறகு மாமாவுக்குத் தஞ்சாவூர் போவது தேர்த்திருவிழா மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொல்லிவிட்டார். நீர் மாத்திரையை அன்றைக்கு மட்டும் வீடு திரும்பிய பிறகு சாப்பிடலாமா என்று டாக்டரிடம் அவரே கேட்டுவிட்டாராம், நான் அடுப்படியில் இருந்த அந்த மூன்று நிமிஷத்தில்.